காரமில்லாத மிளகாயும் என் மாமியாரும்

"மொளகா போடாம ஆக்குனதைத் திங்கிறதுக்கு, அந்த ஆஸ்பத்திரியிலேயே கெடந்திருக்கலாம்."

2022ஆம் ஆண்டு மே மாதம், டில்லி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், என் மாமியார் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தைகள் இவை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. யாரையும் குறை சொல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னார்கள்.

மாமா 2021இல் காலமானபின், ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று அத்தையை நாங்கள் மயூர் விஹாருக்கு அழைத்து வந்திருந்தோம். வந்த மூன்றாம் மாதம் தீராத வயிற்று எரிச்சல். சோதித்துப் பார்த்ததில் வயிற்றில் புண். மிளகாய் தின்றதால் வந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். டாக்டர் அதை மறுத்தார். மூட்டு வலிக்காக வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கிய வலி மாத்திரைகள்தான் காரணம் என்றார். ஆனால் புண் ஆறும்வரை காரம் எரிச்சலை அதிகப்படுத்தும். ஆறிய பிறகும் அளவோடுதான் என்று சொல்லி அனுப்பினார்.

கமுதிப் பக்கத்து மனுஷிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இராமநாதபுரம் மாவட்டத்தின் குண்டு மிளகாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைத்து, தை பிறந்த பிறகு பழம் எடுப்பார்கள். நாற்பது வருடங்கள் அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர் என் அத்தை. குண்டு மிளகாயை மோரில் ஊறவைத்துக் காயவைத்த மோர்மிளகாய் இல்லாமல் அவருக்குப் பழைய சோறு இறங்காது.

மூன்று மாதத்தில் ஆறு கிலோ எடை குறைந்தார். தினமும் மாலையில் என் கணவரிடம் ஒரே பேச்சு: "தம்பி, மதுரைக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடு." ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, எழுபத்தொரு வயதில், ஆறாத வயிற்றோடு அவரை எப்படி அனுப்புவது? இவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காய்கறிக் கடையில் ஒரு சிறிய பொட்டலம் கண்ணில் பட்டது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று நிறங்களில், கட்டைவிரல் நீளத்தில், குட்டிக் குடைமிளகாய்கள். பார்த்தவுடன் குண்டு மிளகாய்தான் நினைவுக்கு வந்தது. வாங்கி வந்து அத்தையிடம் கொடுத்தேன். காம்பைக் கிள்ளி முகர்ந்தார். ஒரு கடி கடித்தார். "இது மொளகாயில்ல ஆத்தா, பழம்" என்றார். ஆனாலும் அந்தப் பழத்தை முழுவதும் தின்றுவிட்டு, உள்ளே இருந்த விதைகளைத் துப்பாமல் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பழக்க தோஷம்!

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

குடைமிளகாயும் குண்டு மிளகாயும் வேறு வேறு செடிகள் என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டும் தாவரவியலில் ஒரே இனம்தான். பெயர் கேப்சிகம் ஆன்னுவம். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மூலமாக நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப் போலக் காரமாக இருந்ததால் "மிளகு காய்" என்று சொல்லி மிளகாய் ஆக்கிவிட்டோம். வடக்கே குடைமிளகாயை "சிம்லா மிர்ச்" என்பது நமக்கெல்லாம் பழகிப்போன பெயர். கோடையில் டில்லிச் சந்தைக்கு இமாசலத்து மலைகளிலிருந்தும் குடைமிளகாய் இறங்குகிறது.

காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்பக்க வெள்ளை நரம்பில் உண்டாகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் பெருமையாக அத்தையிடம் சொன்னேன். "இதைச் சொல்றதுக்குப் பொஸ்தகம் வேற வேணுமாக்கும். காரம் வெதையில இல்லத்தா, நரம்புல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். குடைமிளகாயில் அந்தக் காரத்தை உண்டாக்கும் மரபுக்கூறு வேலை செய்வதில்லை. அதனால்தான் இனிக்கிறது.

சத்திலும் இது குறைந்ததல்ல. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, 1930களில் வைட்டமின் சியை ஏராளமாகப் பிரித்தெடுத்தது இந்த வகை மிளகாயிலிருந்துதான். இரவு உணவுக்கு மனைவி வைத்த மிளகாயைச் சாப்பிடப் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 1937இல் நோபல் பரிசும் வந்தது. பச்சையாக இருப்பதைவிடப் பழுத்துச் சிவந்த குடைமிளகாயில் அந்த வைட்டமின் கூடுதல்.

என் அவசரமும் அதன் பலனும்

அத்தை எடுத்து வைத்த விதைகளைக் காகிதத்தில் பரப்பி ஒரு வாரம் நிழலில் காயவைத்தேன். நன்றாகப் பழுத்து நிறம் மாறிய காயின் விதைதான் முளைக்கும்; பச்சைக் காயின் விதை பெரும்பாலும் ஏமாற்றிவிடும். கடைக்கு வரும் இந்தக் காய்கள் அநேகமாக ஒட்டு ரகம். ஆகவே அவற்றின் விதையிலிருந்து வரும் செடிகள் அளவிலும் நிறத்திலும் தாய்ச்செடி போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டு உபயோகத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜூலை மாதம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தோட்டத்து மண்ணை நிரப்பி விதைத்தேன். எட்டாம் நாளே முளைத்துவிட்டது. வீடே கொண்டாடியது. மேலே பாலிதீன் தாளைப் போட்டு மூடி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன். அடுத்த வாரம் பார்த்தால் நாற்றுகள் எல்லாம் மண் மட்டத்தில் இளைத்து, நூல் போலச் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல் நோய். மண்ணில் இருக்கும் பூஞ்சணங்கள், ஈரமும் புழுக்கமும் கூடினால் இளம் தண்டைத் தின்றுவிடுமாம். டில்லியின் ஜூலைப் புழுக்கம் போதாதென்று பாலிதீனும் போட்டு நானே விருந்து வைத்திருக்கிறேன்!

அத்தை எட்டிப் பார்த்தார். "பச்சப்புள்ளைய இப்புடியா மூச்சு முட்ட மூடி வைப்பாக? மழை ஓயட்டும். பொரட்டாசியில நான் போட்டுத் தாரேன்" என்றார்.

அன்று மாலை டிக்கெட் பேச்சு வரவில்லை. இரவில் இவர்தான் அதைக் கவனித்துச் சொன்னார்.

முளைப்பாரி போட்ட கை

செப்டம்பர் கடைசி, நவராத்திரி வாரம். அத்தை வேலையை எடுத்துக்கொண்டார். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு முளைப்பாரி தெரிந்திருக்கும். மாரியம்மன் பொங்கலுக்குச் சட்டிகளில் நவதானியம் விதைத்து வளர்ப்பார்கள். ஊரில் வருடா வருடம் முளைப்பாரி போட்ட கை அத்தையுடையது.

மீதி இருந்த பதினான்கு விதைகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஓர் இரவு தண்ணீரில் நனைத்தார். மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்று கலந்தோம். நர்சரியில் மாலியிடம் சொன்னால் இவை எல்லாமே கிடைக்கும். அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கோப்பைகளில் கலவையை நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கோப்பைக்கு ஒரு விதையாக வைத்தார். மேலே தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் கோப்பைகளை நிறுத்தினார். அடியிலிருந்தே ஈரம் ஏறியது. மேல்மண் நனைந்தவுடன் எடுத்துவிட்டார்.

இந்த விதைக்கு மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஏழு முதல் பன்னிரண்டு நாட்களில் முளைக்கும். செப்டம்பர் கடைசியில் டில்லி வீடுகளுக்குள் இந்தச் சூடு தானாகவே இருக்கிறது. இதே விதையில் கொஞ்சம் வாங்கிப் போன என் நொய்டா தோழி டிசம்பரில் விதைத்தாள். ஒரு மாதம் காத்திருந்து இரண்டே இரண்டு முளைத்தன. விதையில் குறையில்லை, சூடுதான் போதவில்லை.

எங்களுடையதில் எட்டாம் நாள் தொடங்கிப் பதினான்கில் ஒன்பது முளைத்தன. இங்கே மட்டும் அத்தைக்கும் எனக்கும் ஒரு தர்க்கம். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பது வழக்கம். அப்போதுதான் வெளிறி நீளமாக வரும். இதையும் மூலையிலேயே வைக்கலாம் என்றார் அத்தை. மிளகாய் நாற்று அப்படி நீண்டால் தண்டு வலுவில்லாமல் சாய்ந்துவிடும். முளைத்த மறுநாளே வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும் என்றேன் நான். கடைசியில் ஐந்தை ஜன்னலோரமும் நான்கை மூலையிலும் வைத்துப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்து அத்தையே மூலையில் இருந்த நான்கையும் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை!

வெயிலுக்குப் பழக்குவது

நான்கைந்து இலைகள் வந்ததும் நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். ஆனால் ஜன்னலோரத்தில் வளர்ந்ததை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாட்கள் பழக்க வேண்டும். இந்த வேலையை அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. காலையில் தாம்பாளத்தை பால்கனிக்குக் கொண்டுபோவார், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார், திரும்ப எடுத்து வருவார். அந்தப் பத்து நாட்களில் எதிர் பால்கனியில் துணி காயப்போடும் பஞ்சாபி அம்மாளுடன் சிநேகம் ஏற்பட்டுவிட்டது. இவருக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் பேச்சு ஓயவில்லை.

"நாத்தை நட்டுட்டு ஊருக்குப் போறேன் தம்பி" என்று இவரிடம் சொன்னார். நவம்பர் முதல் வாரம் நட்டோம். செடிக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று. மண், மக்கிய சாணி உரம், தென்னை நார்க் கழிவு மூன்றும் சம பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நட்ட பிறகு, "ஒரு பூவைப் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

குளிரும் பூவும்

டிசம்பரில் முதல் பூ வந்தது. செடி இரண்டாகக் கிளைவிடும் கவட்டில் வரும் அந்த முதல் பூவைக் கிள்ளிவிட்டால் செடி நன்றாகப் படரும் என்று நான் படித்திருந்தேன். கை வைக்கப் போனேன். "தலைப்பூவைக் கிள்ளுவாகளா? ஒனக்குப் பைத்தியமா?" என்று அத்தை கையைத் தட்டிவிட்டார். அவர் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டு செடிகளில் மட்டும் கிள்ளினேன். குளிரில் மற்ற செடிகளின் பூக்களும் தாமாகவே உதிர்ந்துவிட்டன. பிப்ரவரியில் பார்த்தபோது, கிள்ளிய இரண்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாகப் படர்ந்திருந்தது உண்மை. இதைப் படித்துத்தான் அத்தைக்கு விஷயம் தெரியப்போகிறது.

ஜனவரி மூடுபனியில் செடிகள் அப்படியே நின்றுவிட்டன. இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போனால் இந்தச் செடி வளர்வதை நிறுத்திவிடும். இலைகள் மஞ்சளாயின. இரண்டு செடிகள் போய்விட்டன. மீதி ஏழையும் சுவரோரம் நெருக்கி வைத்து, மாலையில் பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்தோம். தண்ணீரை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்தோம். குளிரில் ஈர மண் வேரை அழுகச் செய்துவிடும். "கமுதியில இந்நேரம் பழம் எடுப்பாக" என்று அத்தை பெருமூச்சு விட்டார். டிக்கெட் பேச்சு மீண்டும் எழுந்தது. பிப்ரவரி வரை பாருங்கள் என்று கெஞ்சினோம்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் குளிர் குறைந்தது. பகலில் 20 முதல் 28 டிகிரி வரை, இரவில் 15 டிகிரியை ஒட்டி என்று இருந்தால் இந்தச் செடிக்குத் தாய் வீடு. டில்லியில் அந்தக் காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான். செடி முழுதும் வெள்ளைப் பூக்கள். தேனீ வராத மூன்றாம் மாடியில்கூடக் காய் பிடிக்கும். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருப்பதால், காலையில் செடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டாலே போதும்.

மூன்று தொல்லைகள்

மார்ச்சில் இலைகள் சுருண்டன. மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி ஐந்து நாட்களுக்கு ஒரு முறை தெளித்தோம். மூன்று தடவையில் கட்டுப்பட்டது.

இரண்டாவது, காயின் அடிப்பாகம் கறுத்துத் தோல் போல அமுங்கியது. புழு என்று நினைத்துக் காயைப் பிளந்து பார்த்தோம், புழு இல்லை. நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாட்கள் ஜெய்ப்பூர் போயிருந்தபோது தொட்டி காய்ந்து, திரும்பி வந்ததும் நான் வெள்ளமாக ஊற்றியதன் விளைவு அது. தண்ணீர் ஒழுங்காகப் போகாவிட்டால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனி வரை போய்ச் சேர்வதில்லை. தினமும் ஒரே அளவாக ஊற்ற ஆரம்பித்ததும் அடுத்து வந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

மூன்றாவது நம் வீடுகளில் பலரும் செய்வது. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம். டில்லி நிலத்தடி நீரில் உப்பு அதிகம். கழிவுநீரில் அது இன்னும் கூடுதல். மண்மேல் வெள்ளைப் படிவமும் இலை ஓரங்களில் கருகலும் கண்டால் உடனே நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

மோர்மிளகாய்

மார்ச் கடைசியில் பச்சைக் காய்கள் பறிப்புக்கு வந்தன. இரண்டு அங்குல நீளம், உருண்டை வாகு. பழுக்க விட்டால் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறும். ஆனால் அத்தையின் மனதில் வேறு எண்ணம் இருந்தது. ஒரு நாள் காலை நாற்பது காய்களைப் பச்சையாகவே பறித்து முறத்தில் பரப்பினார். "தயிர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காம்பை எடுக்காமல், காயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறினார். குண்டு மிளகாய்க்கு அடியில் சின்னக் கீறல் போதும். இதன் சதை தடிமன், உள்ளே ஈரம் அதிகம், ஆகவே முழுக் கீறல் வேண்டும். அரை லிட்டர் புளித்த தயிரைக் கடைந்து, மூன்று தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் பெருங்காயமும் சேர்த்து ஊறவைத்தார். இரண்டு இரவு ஊறல். பிறகு பகலில் மோரிலிருந்து எடுத்து வெயில், இரவில் மறுபடி அதே மோர். மோர் வற்றும்வரை இப்படி. ஊரில் ஐந்து நாளில் காய்வது இங்கே எட்டு நாளாயிற்று. ஆனால் ஏப்ரல் டில்லி வெயிலின் வறட்சிக்கு ஈடு இல்லை, கலகலவென்று காய்ந்தது. புழுதிக் காற்றுக்கு மட்டும் மெல்லிய துணி போட்டு மூட வேண்டும்.

வறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இதில் சர்க்கரைச் சத்து இருப்பதால் அதிக சூட்டில் நொடியில் கறுத்துவிடும். சிறு தீயில் வைத்து, நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளவும்.

பழைய சோறு, மோர், காரமில்லாத மோர்மிளகாய். நானும் இவரும் என் மகனும் சுற்றி நின்றோம். அத்தை ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"மொளகா மாதிரி இருக்கு, மொளகா இல்ல" என்றார். பிறகு, "ஆனா நொறுக்குனு இருக்கு. இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் மறு சோறு கேட்டது அன்றுதான். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு செடி மட்டும் காரம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நல்லது. அதே பால்கனியில் அத்தை ஊர் விதையில் இரண்டு குண்டு மிளகாய்ச் செடியும் வைத்திருந்தார், எங்களுக்காக. "மிளகாய்ச் செடி பக்கத்தில் இருந்தால் குடைமிளகாயும் காரமாகிவிடும், தள்ளி வையுங்கள்" என்று சங்கத்துப் பொங்கல் விழாவில் சந்தித்த பலரும் சொன்னார்கள். நாங்கள் தள்ளி வைக்கவில்லை. 2023இல் ஒரு காய்கூடக் காரமாகவும் இல்லை. ஊர்ப் பேச்சு பொய் என்று முடிவு கட்டினேன்.

அந்த வருடம் பழுத்த காய்களின் விதையை எடுத்துச் செப்டம்பரில் விதைத்தோம். ஆறு செடிகள். 2024 மார்ச்சில் அவற்றில் ஒரு செடியின் காயைப் பறித்து, வழக்கம்போலச் சந்தேகமில்லாமல் அத்தை பச்சையாகவே கடித்தார். முகம் சிவந்தது. கண்ணில் நீர் வழிந்தது. நான் பதறிப்போய் மோர் கொண்டு ஓடினேன். வயிறு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு. அவரோ ஒரு கையால் என்னைத் தடுத்து, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதுதாண்டி மொளகா!"

டாக்டருக்கு ஃபோன் செய்தோம். புண் ஆறிவிட்டது, ஒரு கடியால் ஒன்றும் ஆகாது என்று அவரும் சிரித்தார்.

நடந்தது இதுதான். காயின் சதையும் நரம்பும் தாய்ச்செடியின் உடம்பு. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்தக் காயின் ருசி மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் விதையின் குணம். அந்த விதையை முளைக்கவைத்தால்தான் வேஷம் வெளிப்படும். பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தது நினைவிருக்கிறதா? மிளகாயில் காரம் ஓங்கு பண்பு, காரமின்மை ஒடுங்கு பண்பு. இரண்டும் கலந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் காரம்தான் வெளிப்படும். ஆகவே ஊரார் சொன்னதும் பொய்யில்லை, நான் கண்டதும் பொய்யில்லை. இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது, அவ்வளவுதான்.

விதைக்கு வேண்டிய பூவை மலர்வதற்கு முதல் நாளே சிறு மல் துணிப் பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் அடையாளமாக ஒரு நூல் கட்டிவிட வேண்டும். அந்தக் காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்தால் கலப்பு வராது. இனிப்புக் காய் கொடுத்த செடியில் 2024இல் அப்படி எடுத்த விதை, 2025 மார்ச்சில் ஒரு காரக் காய்கூட இல்லாமல் காய்த்தது.

நீங்களும் செய்யலாம்

டில்லி, நொய்டா, குருகிராம் நண்பர்கள் செப்டம்பர் கடைசியில் விதையுங்கள். நவம்பர் தொடக்கத்தில் தொட்டியில் நடுங்கள். ஜனவரியைக் காப்பாற்றிக் கடந்துவிட்டால் மார்ச், ஏப்ரலில் காய். ஏப்ரல் வெயிலில் காயின் ஒரு பக்கம் வெளுத்து வேகும். நிழல் வலை கட்டுங்கள். மே மாதம் பூ உதிரும். அது செடியின் குற்றமில்லை, சூடு தாங்காது. குட்டையாக வெட்டி நிழலில் வைத்தால் சில செடிகள் பிழைத்து மழைக்குப் பின் மறுபடி துளிர்க்கும். எங்களுக்கு ஏழில் இரண்டு பிழைத்தன. மும்பை, கொல்கத்தா உறவினர்கள் மழை ஓய்ந்ததும் விதைக்கலாம். பெங்களூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய வருடம் முழுவதும் யோகம்தான். எல்லோருக்கும் பொதுவாக, தினம் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும்.

வீட்டில் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இருந்தால் விதைப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்குச் சூடும் டிகிரியும் தெரிந்தது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பது அத்தைக்குத்தான் தெரிந்தது.

2025 மே மாதம் அத்தை ஊருக்குப் போனார். டிக்கெட்டை இவரே போட்டுக் கொடுத்தார். கைப்பையில் ஒரு தீப்பெட்டி நிறைய இனிப்பு மிளகாய் விதை. "காரமில்லாத மொளகாயைக் கமுதியில யாரு வாங்குவா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்களாம். போய் ஒரு மாதம் ஆனபின் ஒரு நாள் ஃபோன் வந்தது. உடம்பு எப்படி, மகன் படிக்கிறானா, எதிர் பால்கனி அம்மாள் சுகமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கும் முன் சொன்னார்:

"பொரட்டாசியில வெதை போடணும்ல? ஆவணிக்குள்ள வர்ற மாதிரி டெல்லிக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லு தம்பிகிட்ட."